வயலின் போட்ட முகம்

எங்கள் லைனில் எல்லாருக்கும் இரண்டு பெயர். ஒன்று அப்பா அம்மா வைத்தது, ரேஷன் கார்டில் இருக்கும். இன்னொன்று அத்தை வைத்தது. யாராவது செத்துப் போனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் முதல் பெயரைப் பெரிதாகப் போட்டு, ஆள் யாரென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காக இரண்டாவது பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. எங்கள் ஊர் பாலகாட்டில் தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். என் அப்பாவும் அத்தையின் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்டில், ஒரே கேஜ் கூண்டில் பூமிக்குள் இறங்கினவர்கள். அந்த உறவில் அத்தை.

குட்டையான உருவம். அகலமான தாடை. இரண்டு பக்கமும் மூக்குத்தி. யாராவது எதிரில் வந்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்ப்பாள். பெங்களூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை. தைத்து வரும் சட்டைகளை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதே பார்வையைத்தான் மனிதர்கள் மேலும் போடுவாள்.

எதிர் வீட்டில் ஒருத்தர் இருந்தார். அவருடைய தாத்தா எந்தக் காலத்திலோ வெள்ளைக்கார மேனேஜர் பங்களாவில் சமையல்காரர். பேரனுக்கு அந்தத் தோரணை வந்துவிட்டது. தோசையைக்கூட முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுவார். அவருக்கு அத்தை வைத்த பெயர் 'செகண்ட் ஹாண்ட் தொரை'. எதற்கெடுத்தாலும் மூக்கைச் சிந்தி அழுகிற பக்கத்து லைன் அக்காவுக்கு 'சொட்டுக்குழாய்'. ஒன்றைச் சொல்லிவிட்டு எதிராளி முகத்தைப் பார்த்து உடனே வாபஸ் வாங்குகிறவள் நான். எனக்கு 'ரிவர்ஸ் கியர்'. பத்து வயசு வரைக்கும் படுக்கையில் மூத்திரம் போன என் தம்பி கௌதமுக்கு 'ஈரப்பாய்'.

எந்தப் பெயரும் பொய்யில்லை. அதுதான் வலி. இல்லாத குறையைச் சொன்னால் சண்டை போடலாம். அத்தை ஒரு நாளும் இல்லாததைச் சொன்னதில்லை. "நான் இன்னா புதுசா சொல்லிட்டேன்? கீறத தான சொன்னேன்" என்பாள். அதற்கு மேல் யாராலும் பேச முடியாது.

அவள் வீட்டுக்காரருக்கும் பெயர் உண்டு. 'ஜீரோ பல்பு'. "எரியறது தெரியும், வெளிச்சம் மட்டும் வராது" என்பாள். அந்த மனுஷனுக்கு இதில் அப்படி ஒரு சந்தோஷம். ஷிப்ட் முடிந்து அப்பாவோடு வரும்போது யாராவது "ஜீரோ பல்பண்ணா" என்று கூப்பிட்டால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அத்தை புதுசாக யாருக்காவது பெயர் வைத்தால் முதலில் அவரிடம்தான் சொல்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். சிரித்து, இருமி, இருமலுக்கு நடுவிலும் சிரிப்பார். ஒரு தடவை அவள் கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை அடிக்கச் சொன்னாளாம். "கை வரலடி" என்று வாயால் ஊதி விட்டாராம். ரயிலில் எங்களிடம் இதைச் சொல்லிவிட்டு, "இந்த ஆளக் கட்டிக்கினு நான் ஒரு கொசுவக்கூட ஜெயிக்கல" என்றாள்.

நுரையீரல் கெட்டு அவர் செத்த அன்றைக்கு லைன் பெண்களெல்லாம் கூடி உட்கார்ந்து ஓலமிட ஆரம்பித்தார்கள். அத்தை எழுந்து நின்றாள். "அந்தாளுக்கு சத்தம் ஆகாது. எழுந்து போங்கடி" என்றாள். போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் சுவரில் காது வைக்காமலேயே அந்தப் பக்கம் அமைதியாக இருப்பது தெரிந்தது. பெயர் வைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

சொட்டுக்குழாய் அக்காவின் மகளுக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீடு பங்காருபேட்டை. பெண்ணுக்கு முழங்கைக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. லைனுக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் தெரியாது. முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தட்டு மாற்றுகிற நேரம். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பெண்ணின் கன்னத்தைத் தடவி ஆசீர்வாதம் பண்ணினாள். அவள் நகர்ந்த பிறகுதான் பார்த்தோம். ரவிக்கைக் கையில், சரியாக அந்த இடத்துக்கு மேலே, ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்.

மாப்பிள்ளையின் அம்மா அது என்னவென்று கேட்டாள். ரவிக்கைக் கையை மடித்துப் பார்த்தார்கள். தட்டுகள் மாறாமலே திரும்பிப் போயின.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று நான் கேட்டேன்.

"நாளிக்கு அவன் பாத்துட்டு அடிச்சா அந்த அடிய உங்க சொட்டுக்குழாயா வாங்குவா? அந்தப் பொண்ணு தான வாங்கும்?"

அந்தப் பெண் அதற்குப் பிறகு யாருக்கும் வாக்கப்படவில்லை. எவ்வளவு வெயிலானாலும் முழுக்கை ரவிக்கைதான்.

ஆனால் என் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து படுத்திருந்தபோது வந்தவர்களெல்லாம் "ஒண்ணும் ஆகாது, தேறிடுவ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை மட்டும் அம்மாவின் நகத்தைப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், என்னை வெளியே கூப்பிட்டாள். "இவ பொங்கல் பாக்க மாட்டா. பேத்தமங்கலத்துல உங்க மாமன் கீறான் இல்ல, ஏதோ நெலத்தகராறுல பேசாம கெடக்கறானே, அவன இன்னிக்கே வரச் சொல்லு" என்றாள். அப்போது அவளைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனாலும் போன் செய்தேன். மாமா வந்தார். அம்மாவும் அவரும் பேசினார்கள். அந்த வாரமே அம்மா போய்விட்டாள். மற்றவர்களின் ஆறுதலை நம்பியிருந்தால் அம்மா மாமாவின் முகத்தைப் பார்க்காமலே போயிருப்பாள்.

நானும் அத்தையும் தினம் எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் ஒன்றாகத்தான் ரயில் ஏறுவோம். எனக்கு பெங்களூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ரயிலில் எங்கள் லைன் பெண்கள், சட்டைக் கம்பெனிப் பெண்கள், நர்சுகள் என்று ஒரு கூட்டம். பங்காருபேட்டையில் இன்னும் ஏறி, மூச்சு விட இடம் இருக்காது. அந்த நெருக்கத்துக்காகவே ஏறுகிற ஒருத்தன் இருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், பார்த்தால் பெரிய மனுஷன். பெண்கள் பக்கமாகவே வந்து ஒட்டி நிற்பான். ஒரு நாள் ஒரு சின்ன நர்ஸ் பெண் அழுகிற மாதிரி நெளிந்தாள். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே, "யோவ் பிசினு! ஒட்டறதுக்கு செவுரு கீது அந்தப் பக்கம்" என்றாள். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. பெட்டியே சிரித்தது. மறுநாள் அவன் ஏறினபோது யாரோ ஒரு பையன் "பிசின் வந்தாச்சு" என்றான். அதற்கு மறுநாள் அவன் எங்கள் பெட்டியில் ஏறவில்லை.

அத்தையைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன. அவள் பக்கத்தில் உட்கார பயம். அவள் இல்லாத நாளில் ரயில் ஏறவும் பயம்.

என் தம்பி கௌதம் பெங்களூரில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்தான். இரண்டாம் வருஷத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம். யாரும் பேசக் கூடாது. இசை மட்டும்தான் இருக்க வேண்டும், அந்த இசைக்கு ஏற்ப காட்சிகளை வெட்டி ஒட்ட வேண்டும். மற்ற பையன்கள் மூடிக் கிடக்கும் சுரங்கக் கோபுரத்தையும் துருப்பிடித்த சக்கரத்தையும் எடுக்கப் போனார்கள். இவன் நேராக அத்தை வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அத்தை, உங்கள வெச்சு ஒரு படம் எடுக்கணும்."

"என்னையா? கதாநாயகன் யாருடா, நீயா?" என்றாள். "க்ளைமாக்ஸ்ல பாய நனைச்சிடப் போற."

கௌதம் சிரித்தான். அவன் அந்தப் பெயருக்குச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் வந்தது, ஹாக்கி மைதானத்துக்கு வந்தது. பியூசி படிக்கும்போது அவன் பிரியப்பட்ட ஒரு பெண் வரைக்கும் போய், அவள் அவனைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக் காட்டினாள். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. எனக்குத் தெரியும்.

ஒரு மாசம் அத்தை பின்னாலேயே கேமராவோடு சுற்றினான். அத்தைக்கு ஒரே குஷி. தண்ணீர்க் குழாயடியில், சந்தையில், ரயிலில், வீட்டு வாசலில் என்று எல்லா இடத்திலும் வாய் ஓயாமல் பேசினாள். கேமராவைப் பார்த்தே நாலைந்து பேருக்குப் புதுப் பெயர் வைத்தாள். "எல்லாத்தையும் போடு, ஒண்ணையும் வெட்டாத" என்று அவனுக்கு உத்தரவு வேறு.

அவன் வெட்டி ஒட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எங்கள் பகுதியில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் அடிக்கிற தப்பட்டைக்காரர்களிடம் போய்ப் பதிவு செய்து வந்த மேளத்தைப் போட்டான். அடி விழுகிற இடத்தில் ஒரு காட்சி மாறும். அத்தை கையை நீட்டுவாள், அடி. கண்ணைச் சுருக்குவாள், அடி. எதிராளி ஓடுவார், அடி. பேச்சே கேட்கவில்லை. ஆனாலும் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அது அத்தையேதான்.

"சூப்பரா இருக்குடா. இதையே குடு" என்றேன்.

"இரு" என்றான்.

மேளத்தை எடுத்துவிட்டு, இணையத்தில் சும்மா கிடைத்த ஒரு வயலின் இசையைப் போட்டான். ஓட்டத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். பிறகு ஒரு வேலை செய்தான். அத்தை சிரிக்கிற இடத்தையெல்லாம் வெட்டி எறிந்தான். சிரித்து முடித்ததும் ஒரு நொடி முகம் தளர்ந்து கீழே இறங்கும் அல்லவா, அந்த நொடியை மட்டும் வைத்துக்கொண்டான். குழாயடியில் ஒன்று, ரயில் ஜன்னலில் ஒன்று, வாசலில் ஒன்று. கடைசியில், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்றடித்து மண் கண்ணில் விழுந்து அவள் கண் கலங்கி நின்ற ஒரு காட்சி.

திரையில் இருந்தது ஒரு அநாதைப் பெண். உலகத்தின் துக்கமெல்லாம் அந்தத் தாடையில் தொங்கியது.

"என்னடா இது, அத்தைக்கு இவ்ளோ சோகமா?"

"சோகமும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. சிரிச்சு முடிச்சா எல்லார் மூஞ்சியும் அப்படித்தான் ஆகும். தசை ஓய்வெடுக்குது, அவ்ளோதான்."

"அப்புறம் எதுக்கு இப்படிப் போடற? மேளம்தான நெஜம்?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அத்தைய திட்டறவங்க எத்தனை பேர அவங்க பாத்திருக்காங்க. திட்டினா அவங்க ஜெயிச்சிடுவாங்க. பாவம்னு சொன்னா இன்னா பண்ணுவாங்கன்னு பாக்கலாம்" என்றான்.

வயலின் படத்தைத்தான் கல்லூரியில் கொடுத்தான். முதல் பரிசு வந்தது.

எங்கள் பகுதி இளைஞர் சங்கத்தில் பெரிய துணி கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். அத்தை கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுப் புடவை கட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "ஏ தொரை, என் மூஞ்சி மறைக்குது, தலைய எறக்கு" என்று அவளுக்கு முன்னால் போனவரை விரட்டினாள். படம் தொடங்கியது. வயலின் வந்தது. அத்தையின் முகம் துணி முழுக்க இறங்கியது. முதலில் அவள் சிரித்தாள். "ஏன்டா சத்தம் வரல?" என்று திரும்பிக் கேட்டாள். இரண்டாவது நிமிஷத்தில் எங்கோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். கண் கலங்கும் காட்சியில் மொத்தக் கூட்டமும் மூச்சை இழுத்தது.

விளக்கு போட்டதும் சொட்டுக்குழாய் அக்கா ஓடி வந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தன் மகளின் நிச்சயத்துக்குப் பிறகு அத்தையோடு பேசாதவள் அவள். முகமெல்லாம் கண்ணீர்.

"இவ்ளோ கஷ்டத்த மனசுல வெச்சிக்கினு இருந்தியாக்கா? தெரியாம போச்சே. அதான் எங்கள அப்படியெல்லாம் பேசினியா?"

"இன்னாடி கஷ்டம்? கண்ணுல மண்ணு வுழுந்துச்சுடி! சயனைட் மண்ணு!"

"சரிக்கா, சரி. சொல்ல வேணாம்."

"அடியே, அந்த வாசல் காட்சில பல்லுல மாட்டின கறிய நாக்கால நோண்டிக்கினு இருந்தேன். ஈரப்பாயக் கேளு!"

கௌதம் தலையைக் குனிந்துகொண்டு, "அத்தை அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான்.

கூட்டம் இன்னும் உருகியது. அத்தை யாரைப் பார்த்து என்ன சொன்னாலும் எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். செகண்ட் ஹாண்ட் தொரை அவள் தலையில் கை வைத்தார். அவளைத் தொட அவருக்கு அதற்கு முன்னால் தைரியம் வந்ததில்லை.

அந்த ஐந்து நிமிஷம் எல்லார் போனுக்கும் போனது. யார் யாரோ பகிர்ந்தார்கள். ரயிலில் அத்தை ஏறினதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். "சீட்டுல ஆணியா, எழுந்து நிக்கிற?" என்று அவள் ஒரு பையனைக் கேட்டாள். "உக்காருங்கம்மா" என்றான் அவன் அன்பாக. சட்டைக் கம்பெனி மேனேஜர் மேடமும் பார்த்திருக்கிறாள். இந்த வயசில் இவளை நிற்க வைத்து செக்கிங் பண்ண விடுவதா என்று, உட்கார்ந்து நூல் வெட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டாள். அம்புக்குறி ஸ்டிக்கர் ரோலை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். அத்தை சண்டை போட்டாள். மேடம் அவள் தோளை அணைத்து, "எனக்குப் புரியுதும்மா" என்றாளாம்.

பெங்களூரிலிருந்து யாரோ காரில் வந்து அரிசி மூட்டை இறக்கினார்கள். அத்தை மூட்டையை வாசலில் கவிழ்த்துக் கொட்டினாள். வந்தவர்கள் அரிசிக்கு நடுவில் நின்ற அவளையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் கீழேயும் வயலின் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் பிசின் மறுபடியும் எங்கள் பெட்டியில் ஏறினான். நேராக வந்து ஒரு காலேஜ் பெண்ணின் பின்னால் நின்றான். அத்தை எழுந்தாள்.

"யோவ் பிசினு! இன்னும் காயலியா நீ?"

அவன் பதறவில்லை. சுற்றியிருந்தவர்களைப் பார்த்து மெதுவாக, "விடுங்க. மனசு சரியில்லாத அம்மா. அந்த வீடியோல வந்தவங்க" என்றான். பாவம், பாவம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். ஒரு பாட்டில் தண்ணீரை அத்தையிடம் நீட்டினார்கள். அந்தக் காலேஜ் பெண்ணும் அத்தையைப் பரிதாபமாகத்தான் பார்த்தாள். பெங்களூர் வரைக்கும் அவன் அங்கேயே நின்றுகொண்டு வந்தான். அத்தை தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டினாள். அவள் எங்கள் கதவைத் தட்டி வந்தது அதுதான் முதல் தடவை.

"மேளம் போட்ட மாதிரி ஒண்ணு வெச்சிருந்தியாமே, உங்கக்கா சொன்னா" என்றாள் கௌதமிடம். "அத போடுப்பா."

போட்டுக் காட்டினான். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். "இது நானு! இது தான்டா நானு! இத எல்லாருக்கும் அனுப்பு" என்றாள். அவனும் மறுப்புச் சொல்லாமல் அனுப்பினான். ராத்திரிக்குள் அவன் போனில் வசவு குவிந்தது. 'துக்கத்தில் இருக்கும் ஒரு தாயைக் கோமாளி ஆக்குகிறாயே, நீயெல்லாம் மனுஷனா?' அதை அவன் அத்தையிடம் படித்துக் காட்டினான். ஒவ்வொன்றாக, நிதானமாக, ஒன்றையும் விடாமல் படித்தான். அவள் முழுசும் கேட்டுவிட்டு, "எடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தனியாகக்கூடத் திட்டுவது கேட்கவில்லை. குழாயடியில் புதுசாக ஒரு மருமகள் வந்தாள், நடக்கும்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பாள். எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மார்ச்சில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் தின விழா. நடத்தினவர்கள் பெங்களூர் பெண்கள். அத்தைக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க வரணும். அவரு இருந்தா வந்திருப்பாரு. அவரு எடத்துல நீங்க வாங்க" என்றாள். அப்பா அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

மேடையில் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. அவ்வளவு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆரம்பிக்கப் போகிறாள், மேடையில் இருக்கிற ஒருத்தியும் தப்ப மாட்டாள் என்று நினைத்தேன். அப்படி நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. நல்லாதான் கீறேன்" என்றாள்.

கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நிகழ்ச்சி நடத்தின பெண் அத்தையின் முதுகைத் தடவி, "மனசுல இருக்கறத சொல்லுங்கம்மா. நாங்கெல்லாம் உங்களுக்காகத்தான் வந்திருக்கோம். சொல்லுங்க, யாரு உங்கள இப்படி ஆக்கினது?" என்றாள்.

அத்தை கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு கண்ணைச் சுருக்கி, வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

"என் வூட்டுக்காரரு" என்றாள்.

அத்தனை பேரும் லேசாக முன்னால் சாய்ந்தார்கள். நானே அதைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள்.

"குடிச்சிட்டு வருவாரு. ஷிப்டு வுட்டு வந்தார்னா பெல்ட கழட்டுவாரு. மைன்ஸ்ல லேம்பு மாட்டறதுக்கு இடுப்புல கட்டற பெல்டு. அந்த பக்கிள் இரும்பு. அது படற எடத்துல..." என்று தோளைத் தொட்டுக் காட்டினாள். யாரோ அய்யோ என்றார்கள். அந்த அய்யோவைக் கேட்டதும் அவள் குரல் தேறியது. கதவை எப்படி உள்ளே தாழ்போடுவார், சத்தம் வெளியே போகாமல் இருக்க அவள் முந்தானையை எப்படி வாயில் அடைத்துக்கொள்வாள், பக்கத்து வீட்டில் இருக்கிறவர்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி எப்படி இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஆளை ஒரு வார்த்தையில் எழுப்பிக் காட்டுகிறவள், அன்று ஒரு முழு மனுஷனையே எழுப்பிக் காட்டினாள். அப்படி ஒருத்தர் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததே இல்லை.

பெல்ட் என்று அவள் சொன்னபோதே அப்பா எழுந்துவிட்டார். நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் நகர்த்தினார். நடுப்பாதையில் நடந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெளியே போனார். மேடையில் இருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும். அத்தை பேச்சை நிறுத்தவில்லை. கௌதம் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் பெண்கள் மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். அவளைத் தொட, கட்டிக்கொள்ள, கூட நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரே கூட்டம். நான் இடித்துப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். பொன்னாடை ஒரு பக்கம் நழுவியிருந்தது. அவள் கண் காலியாக இருந்த நாற்காலியில் இருந்தது.

"உங்கப்பா எங்கடி?"

"கெளம்பிட்டாரு அத்தை."

"எதுவரிக்கும் கேட்டாரு?"

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு உடனே மாற்றிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. "பெல்ட் வரைக்கும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பொன்னாடையை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டாள். பிறகு, அழுதுகொண்டே கையை நீட்டிய அடுத்த பெண்ணின் பக்கம் திரும்பி, தன் கையைக் கொடுத்தாள்.